பேட்டரியின் அமைதியைத் தேடி: ரெகுலேட்டர் போர்டின் கதை

ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு, பாட்டு எதையும் ஓடவிடாமல் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டால் பொதுவாக இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று 'ம்ம்ம்' என்ற உறுமல். மற்றது 'ஸ்ஸ்ஸ்' என்ற சீறல். உறுமல் பெரும்பாலும் சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து வருகிறது. சீறல் உள்ளே இருக்கும் பாகங்களிலிருந்து வருகிறது. வீட்டில் தானே ஆம்ப்ளிஃபயர் கட்டிப் பாட்டுக் கேட்கும் பொழுதுபோக்காளர்கள் இந்த இரண்டோடும் ஏறத்தாழ நூறு வருடமாகச் சண்டை போட்டு வருகிறார்கள். அந்தச் சண்டையில் இன்று அவர்கள் கையில் இருக்கும் ஆயுதம், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு போர்டு. அதன் பெயர் லோ-நாய்ஸ் லீனியர் ரெகுலேட்டர், அதாவது இரைச்சல் குறைந்த மின்னழுத்தச் சீராக்கி.

ரெகுலேட்டர் செய்யும் வேலை எளிமையானது. வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தெருக்குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரலாம், வேகமாக வரலாம், மெதுவாக வரலாம். ஆனால் தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய்க்கு வரும்போது ஒரே சீராக வரும். கரண்டுக்கு இதைச் செய்வதுதான் ரெகுலேட்டர். 'லீனியர்' என்றால், தேவைக்கு மேல் இருக்கும் வோல்டேஜைச் சூடாக்கி வீணடித்து மீதியைக் கொடுக்கும் வகை. செல்போன் சார்ஜரில் இருப்பது 'ஸ்விட்சிங்' வகை. அது விநாடிக்குப் பல்லாயிரம் முறை கரண்டைத் துண்டு துண்டாக நறுக்கும். சூடு குறைவு, சத்தம் அதிகம்.

கதை ரேடியோவில் தொடங்குகிறது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் இருந்த வால்வு ரேடியோக்கள் பேட்டரியில்தான் ஓடின. வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, உயர் வோல்டேஜுக்கு இன்னொரு பேட்டரி, பல செட்டுகளில் கிரிட்டுக்கு மூன்றாவதாக ஒன்று. இழையைச் சூடாக்கும் பேட்டரியில் அமிலம் இருக்கும். அது சிந்தினால் கம்பளமும் மேசையும் பாழ். அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும். செலவும் அதிகம். ஆனால் அந்த ரேடியோக்களுக்கு இருந்த ஒரு பெருமையை யாரும் அப்போது பெருமையாக நினைத்திருக்க மாட்டார்கள்: அவற்றில் உறுமல் கிடையாது. பேட்டரி தருவது நேர் மின்னோட்டம், மேலும் கீழும் ஆடாது.

சுவர் கரண்டில் ஓட்டலாமே என்று முயன்றபோதுதான் பிரச்சினை தெரிந்தது. மாறுமின்னோட்டத்தை நேராக்கினாலும் அதில் அலை மிச்சமிருக்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் கரண்ட், முழு அலையையும் நேராக்கினால் 120 ஹெர்ட்ஸ் உறுமல். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 100 ஹெர்ட்ஸ். இரண்டுமே காதுக்கு நன்றாகக் கேட்கக்கூடியவை. 1925இல் கனடாவின் டொராண்டோவில் எட்வர்ட் ரோஜர்ஸ் என்ற இளைஞர், சுவர் கரண்டிலேயே சூடாகும் வால்வுகளை வைத்து 'பேட்டரியில்லாத ரேடியோ'வை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதே காலத்தில் பேட்டரிக்குப் பதிலாக வைக்கும் பெட்டிகளும் பரவின. பேட்டரியை ஒழிப்பதால் அவற்றுக்கு 'பேட்டரி எலிமினேட்டர்' என்று பெயர். (சென்னை ரிச்சி தெருவில் போய் 'எலிமினேட்டர்' என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்களே, அந்தச் சொல்லின் பிறப்பிடம் இதுதான். பேட்டரி ரேடியோவே பார்த்திராதவர்கள் வாயிலும் அந்தப் பெயர் வாழ்கிறது.)

பேட்டரியை ஒழித்தாயிற்று, கூடவே அதன் அமைதியும் போயிற்று. அன்று தொலைந்ததைத் திரும்பப் பிடிக்க நடந்த முயற்சிகளே இதற்குப் பின்னால் வரும் எல்லாமும்.

முதலில் செய்தது, பெரிய கெப்பாசிட்டரும் சோக் சுருளும் வைத்து அலையை வடிகட்டியது. அடுத்து வந்தவை வாயு நிரப்பிய ரெகுலேட்டர் வால்வுகள். உள்ளே ஒளிர்ந்துகொண்டு, தன் இரு முனைகளுக்கு இடையே வோல்டேஜை ஏறக்குறைய மாறாமல் வைத்திருக்கும். 150 வோல்ட்டுக்கு ஒன்று, 108 வோல்ட்டுக்கு ஒன்று எனக் கிடைத்தன. பார்க்க அழகு, ஆனால் அவற்றுக்கே ஓர் இரைச்சல் உண்டு. சரி, பெரிய கெப்பாசிட்டரைப் பக்கத்தில் போட்டு அதை அடக்கலாம் என்றால், வால்வு அணைந்து அணைந்து எரிந்து புதிதாக ஓர் அலையையே உண்டாக்கிவிடும்!

பிறகு ஜீனர் டையோடு வந்தது. மின்காப்புப் பொருள்கள் அதிக வோல்டேஜில் எப்படி உடைகின்றன என்பதை 1934இல் விளக்கிய கிளாரன்ஸ் ஜீனரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. சுமார் 6 வோல்ட்டுக்கு மேற்பட்ட டையோடுகளில் உண்மையில் நடப்பது ஜீனர் சொன்ன நிகழ்வு அல்ல, 'அவலாஞ்ச்' எனப்படும் பனிச்சரிவு போன்ற வேறொன்று. அந்தச் சரிவு எவ்வளவு இரைச்சல் தரும் என்றால், சோதனைக்கு வேண்டுமென்றே இரைச்சல் உண்டாக்க விரும்புகிறவர்கள் இந்த டையோடுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். உறுமலை அடக்கும் பொருளே சீறலைக் கொண்டுவருகிறது. இந்தக் கதை முழுக்க இதே தலைவலி வேறு வேறு உருவில் வரும்.

1960களின் பிற்பாதியில் சிப் யுகம். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் பாப் விட்லர், ஒரே சிலிக்கான் துண்டில் ரெகுலேட்டரை அடக்கினார். அதுதான் எல்எம்100. அதற்குப் பின் வந்த எல்எம்109இல், அவலாஞ்ச் டையோடை விட்டுவிட்டு, சிலிக்கானின் இயல்பிலிருந்தே ஏறத்தாழ 1.2 வோல்ட்டை எடுக்கும் 'பேண்ட்கேப்' முறையைப் புகுத்தினார். விட்லர் குறும்புக்குப் பேர்போனவர். செலவைக் குறைக்க நிறுவனம் புல் வெட்டுவதை நிறுத்தியதாம், உடனே புல்வெளியில் மேய ஒரு ஆட்டைக் கொண்டுவந்து விட்டவர் அவர். அவருடைய பேண்ட்கேப் யோசனைதான் இன்றும் பெரும்பாலான ரெகுலேட்டர்களுக்குள் இருக்கிறது.

அடுத்து 78 வரிசை வந்தது. 7805, 7812, 7815 என்று பாலிடெக்னிக் மாணவர்களுக்கெல்லாம் மனப்பாடமான பெயர்கள். மூன்று கால். ஒன்றில் கரண்ட் உள்ளே, ஒன்றில் வெளியே, நடுவில் பூமி. 1976இல் நேஷனலில் இருந்த பாப் டாப்கின் எல்எம்317ஐ வடிவமைத்தார். இதில் இரண்டு ரெசிஸ்டரை மாற்றினால் வேண்டிய வோல்டேஜ் கிடைக்கும். வீட்டில் கட்டுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஐம்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் கடையில் கிடைக்கிறது.

ஆனால் 317இன் இரைச்சலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பிறகு வந்த எல்லாச் சண்டைகளுக்கும் வேர் இங்கே இருக்கிறது. தயாரிப்பாளரின் தகவல்தாளில் இரைச்சல் வெளியீட்டில் 0.003% என்று இருக்கும். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். 15 வோல்ட் எடுத்தால் அது 450 மைக்ரோவோல்ட். சிடி பிளேயர் தரும் உச்ச சிக்னல் வழக்கமாக 2 வோல்ட். 16 பிட் சிடியில் அதன் மிகச் சிறிய படி சுமார் 86 மைக்ரோவோல்ட். அதாவது ரெகுலேட்டரின் இரைச்சல் அப்படியே பாட்டில் கலந்தால் சிடியின் ஐந்து படிகளை அது மூடிவிடும். ('அப்படியே கலந்தால்' என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.)

இவ்வளவு இரைச்சல் எங்கிருந்து வருகிறது? 317க்குள் இருப்பது 1.25 வோல்ட் அளவுகோல். 15 வோல்ட் வேண்டுமென்றால் அதைப் பன்னிரண்டு மடங்கு பெருக்க வேண்டும். வோல்டேஜ் பன்னிரண்டு மடங்கானால், அளவுகோலில் ஒட்டியிருக்கும் இரைச்சலும் பன்னிரண்டு மடங்கு. கடைக்காரர் தராசில் சிறு கோளாறு இருந்தால் ஒரு கிலோவில் தெரியாது, மூட்டைக்கணக்கில் வாங்கும்போது தெரியும், அதைப்போல. இதற்கு ஒரு மலிவு வைத்தியம் அன்றே தகவல்தாளில் இருந்தது. சரிசெய்யும் காலிலிருந்து பூமிக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். நேர் வோல்டேஜ் பன்னிரண்டு மடங்காகவே இருக்கும், ஆனால் ஆடும் பகுதி மட்டும் ஒரு மடங்கோடு நின்றுவிடும். உறுமலை அடக்கும் திறனும் 65 டெசிபலிலிருந்து 80 டெசிபலாக ஏறும். சில ரூபாய்ச் செலவில் இவ்வளவு பெரிய லாபம் இந்தக் கதையில் வேறெங்கும் கிடையாது. இதைப் போடாமல் விட்டுவிட்டு விலையுயர்ந்த போர்டு தேடுகிறவர்கள் இன்றும் உண்டு.

இதில் திருப்தியடையாத ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருந்தது. எட்வர்ட் டெல் என்பவர் 1970இல் தொடங்கிய 'தி ஆடியோ அமெச்சூர்' என்ற சிறு பத்திரிகையைச் சுற்றிச் சேர்ந்தவர்கள். கடையில் வாங்குவதைவிட நன்றாக வீட்டில் கட்ட முடியும் என்று நம்பியவர்கள். 1980இல் அந்தப் பத்திரிகையில் மைக் சல்சர் ஒரு ரெகுலேட்டர் சுற்றை வெளியிட்டார். ரெகுலேட்டர் சிப்பை நம்பாமல், ஆடியோவுக்கென்றே பெயர்பெற்ற என்இ5534 ஆப்-ஆம்ப்பை வைத்து வோல்டேஜைக் காவல் காக்கச் செய்தார். பாட்டைப் பெருக்கும் அதே தரமான பாகம் கரண்டையும் சீராக்கட்டும் என்பது யோசனை.

சல்சரின் சுற்றை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர் வால்ட் ஜங். 1974இல் ஆப்-ஆம்ப் பற்றி வந்த அவருடைய புத்தகம் அந்தத் துறையில் பலருக்குப் பாடநூல். 1995இல் அதே பத்திரிகையில் ஜங், யான் டிடன், கேரி கேலோ மூவரும் சேர்ந்து நான்கு பகுதிகளாக ஒரு தொடர் எழுதினார்கள். பொழுதுபோக்கு ஆடியோவில் 'சூப்பர் ரெகுலேட்டர்' என்று இன்றும் சொல்லப்படுவது இதைத்தான்.

அதில் இருந்த சில யோசனைகள் உண்மையிலேயே ரசிக்கத்தக்கவை. எல்எம்317ஐத் தூக்கி எறியவில்லை. அதை வாசலில் காவல்காரனாக நிறுத்தி, முதல்கட்டச் சுத்தத்தை மட்டும் செய்யச் சொன்னார்கள். அளவுகோலுக்கு எல்எம்329 என்ற 6.9 வோல்ட் பாகம். இதன் ஜீனர், சிலிக்கானின் மேற்பரப்புக்குக் கீழே புதைக்கப்பட்டது, அதனால் இரைச்சல் குறைவு. போதாததற்கு அதற்கும் ஒரு வடிகட்டி. காவல் காக்கும் ஆப்-ஆம்ப்புக்கு, அந்த ரெகுலேட்டரே தரும் சுத்தமான கரண்ட்.

ஆனால் முக்கியமானது வேறு. கரண்ட் எடுத்துச் செல்லும் கம்பி ஒரு ஜோடி, கடைசி முனையில் வோல்டேஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் கம்பி இன்னொரு ஜோடி. இது ஏன்? ஓர் அங்குலக் கம்பிக்கு ஏறத்தாழ 20 நானோஹென்ரி மின்தூண்டல் இருக்கும். 100 கிலோஹெர்ட்ஸில் அது 12 மில்லி ஓமுக்கு மேல் தடுக்கும். ஜங் சுற்றின் உள்தடையோ ஒலி அலைவரிசையில் ஒரு மில்லி ஓமுக்கும் கீழே. அதாவது பார்த்துப் பார்த்துக் கட்டிய ரெகுலேட்டரின் பெருமையை இரண்டு அங்குலக் கம்பி தின்றுவிடும்! எனவே ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது, கம்பி எப்படிப் போகிறது என்பதும் சுற்றின் ஒரு பகுதிதான். போர்டு என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் இவ்வளவு மரியாதை வந்தது இதனால்தான்.

வேகமான ஆப்-ஆம்ப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அடுக்கிவைப்பதில் கொஞ்சம் பிசகினாலும் தானே அலைய ஆரம்பித்துவிடும். ரெகுலேட்டர் கட்டப் போய் மெகாஹெர்ட்ஸில் பாடும் ஆஸிலேட்டர் கட்டிய கதை, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஆஸிலோஸ்கோப் இல்லாதவருக்கு அது தெரியவும் தெரியாது, 'ஒலி கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறதே' என்று மட்டும் தோன்றும். ஜங் 2000இல் திருத்திய சுற்றை வெளியிட்டார். அச்சிட்ட போர்டை வாங்கிக் கட்டுவது, கம்பி போட்டுக் கட்டுவதைவிடப் பாதுகாப்பானது என்பதை அனுபவம் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது.

இனி, மேலே குறித்துக்கொள்ளச் சொன்ன விஷயம். ரெகுலேட்டரின் இரைச்சல் 'அப்படியே' பாட்டில் கலக்கிறதா?

பெரும்பாலான ஆடியோ சுற்றுகளில் கலப்பதில்லை. பிரிட்டனைச் சேர்ந்த வடிவமைப்பாளர் டக்ளஸ் செல்ஃப், 2010இல் வந்த தன் 'ஸ்மால் சிக்னல் ஆடியோ டிசைன்' நூலில் எடுத்த நிலை இதுதான். ஆப்-ஆம்ப் வைத்த சுற்றுக்குச் சாதாரண மூன்றுகால் ரெகுலேட்டர் தாராளம் என்றார். கணக்கு அவர் பக்கம்தான். என்இ5532 என்ற பிரபலமான ஆப்-ஆம்ப், தன் கரண்ட் கம்பியில் வரும் அசைவை வழக்கமாக 100 டெசிபல், அதாவது ஒரு லட்சம் மடங்கு குறைத்துவிடும். நம் 450 மைக்ரோவோல்ட் அதற்குப் பிறகு வெறும் 4.5 நானோவோல்ட். அந்த ஆப்-ஆம்ப்பின் சொந்த இரைச்சலே, ஒலி அலைவரிசை முழுவதற்கும் சேர்த்தால் சுமார் 700 நானோவோல்ட். சந்தைக்கடைக்கு நடுவே யாரோ பெருமூச்சு விட்டதைக் கேட்டேன் என்று சொல்வது போல. அதிர்வெண் ஏற ஏற ஆப்-ஆம்ப்பின் இந்தத் தற்காப்பு பலவீனமாகும் என்பது உண்மை. ஆனால் சாதாரண ப்ரீ-ஆம்ப்பில் அதற்கும் மிச்சம் இருக்கிறது.

அப்படியானால் சல்சரும் ஜங்கும் வீணாக உழைத்தார்களா? இல்லை. தற்காப்பே இல்லாத இடங்கள் சில உண்டு. டிஜிட்டல் எண்களைப் பாட்டாக மாற்றும் டிஏசி சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் வெளியீடு என்பது அளவுகோல் வோல்டேஜை எண்ணால் பெருக்கியது. அளவுகோல் நடுங்கினால் பாட்டும் சேர்ந்து நடுங்கும். நடுவில் ஒரு லட்சம் மடங்கு குறைக்க யாரும் இல்லை. இன்னொன்று கடிகார ஆஸிலேட்டர். எந்தக் கணத்தில் எந்த எண்ணை மாற்றுவது என்று சொல்வது அது. அதன் கரண்டில் இரைச்சல் இருந்தால் தாளம் நுண்ணிய அளவில் முன்பின் ஆகும். இதைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். 1982இல் சிடி வந்த பிறகு, பொழுதுபோக்காளர்களின் கவலை மெல்ல ப்ரீ-ஆம்ப்பிலிருந்து இந்த இரண்டு இடங்களுக்கும் நகர்ந்தது. ஃபோனோ ஆம்ப் போல மிகச் சிறிய சிக்னலைத் தனி டிரான்சிஸ்டர்களால் பெருக்கும் சுற்றுகளும் இந்தப் பட்டியலில் சேரும். அவற்றில் பலவற்றுக்கு ஆப்-ஆம்ப் போன்ற தற்காப்பு கிடையாது.

பணமும் உழைப்பும் போகவேண்டிய இடம் இவைதான். ஆனால் விளம்பரங்கள் அப்படிச் சொல்வதில்லை. ஒவ்வொரு ஆப்-ஆம்ப்புக்கும் ஒரு தனி ரெகுலேட்டர் போர்டு என்று விற்கிறார்கள். வாங்கிப் போட்டவருக்கு வித்தியாசம் கேட்கவும் செய்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, எது எது என்று தெரியாமல் கேட்டால் கேட்குமா என்பது வேறு கேள்வி. அந்தச் சோதனைக்கு உட்காருகிறவர்கள் குறைவு.

கடைசிக் கட்டம் வேடிக்கையானது. சிப் உலகில் இரைச்சலை உண்மையில் பாதாளத்துக்கு இறக்கியது ஆடியோ ரசிகர்களின் ஆசை அல்ல. ரேடியோ அலைக் கருவிகளின் தேவை. செல்போன் கோபுரம், ரேடார், அளவைக் கருவிகள் ஆகியவற்றில் இருக்கும் ஆஸிலேட்டர்களுக்கும் மாற்றிகளுக்கும் சுத்தமான கரண்ட் வேண்டும். அவர்கள் லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள். 317 செய்த டாப்கின், 1981இல் தொடங்கிய லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். அந்த நிறுவனம் 2015இல் எல்டி3042 என்ற சிப்பை வெளியிட்டது. 10 ஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் வரை மொத்த இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட். ஒப்பிட, அதே அகலத்தில் 7815க்கு சுமார் 90.

இது எப்படி முடிந்தது? தராசு உதாரணத்துக்குத் திரும்புங்கள். இந்தச் சிப் எதையும் பெருக்குவதே இல்லை. உள்ளே 100 மைக்ரோ ஆம்பியர் நிலையான மின்னோட்டம் ஒன்று இருக்கிறது. வெளியே ஒரு ரெசிஸ்டர் போட்டால் வேண்டிய வோல்டேஜ் அதன்மேல் முழுசாக எழும். அதன் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் போட்டால் இரைச்சல் அங்கேயே வடிந்துவிடும். பிறகு வருவது ஒன்றுக்கு ஒன்றாகப் பிரதி எடுக்கும் ஆம்ப்ளிஃபயர். 3 வோல்ட் எடுத்தாலும் 15 வோல்ட் எடுத்தாலும் இரைச்சல் ஒன்றேதான். ஜங் நாலு கம்பி போட்டுச் செய்த தூரத்து வோல்டேஜ் பார்வைக்கும் இதில் தனியாக ஒரு கால் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரே சிக்கல், உருவம். 317ஐ எவரும் சாதாரண சால்டரிங் அயர்னால் பற்றவைக்கலாம். எல்டி3042 மூன்று மில்லிமீட்டர் சதுரம். அடிவயிற்றில் ஒரு உலோகத் தகடு, அதையும் போர்டோடு ஒட்டவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வீட்டு மேசையில் அது ஆகிற காரியம் அல்ல. அதனால்தான் சிப்பை ஏற்கெனவே பதித்த சிறு போர்டுகள் இணையக் கடைகளில் பெருகின. அடுத்து வந்த எல்டி3045, 200 மில்லி ஆம்பியரை 500 ஆக உயர்த்தியபோது விற்பனை இன்னும் சூடுபிடித்தது. யுஎஸ்பி டிஏசி, ராஸ்ப்பெர்ரி பை போன்றவற்றின் அழுக்கான 5 வோல்ட்டைச் சுத்தம் செய்ய ஆள் ஆளுக்கு வாங்கினார்கள்.

அந்தப் போர்டுகள் எல்லாம் ஒன்றல்ல. ஸ்விட்சிங் சப்ளைக்குப் பின்னால் இந்தச் சிப்பை வைக்கும்போது, அதன் வாசலில் வழக்கம்போல் கெப்பாசிட்டரைப் போட்டால் உயர் அதிர்வெண்ணில் சுத்தம் குறையக்கூடும் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். அந்தக் கெப்பாசிட்டரில் ஓடும் கரண்டின் காந்தப்புலம் காற்றுவழியாகத் தாவி வெளியீட்டில் ஒட்டிக்கொள்ளும். 0.8 மைக்ரோவோல்ட் என்று அச்சடித்த போர்டை வாங்கி, பாதை சரியில்லாததால் அதைவிடப் பல மடங்கு இரைச்சலோடு ஓட்டுவது மிக எளிது. இவ்வளவு சிறிய இரைச்சலை வீட்டு மீட்டரால் அளக்க முடியாது. முன்னால் ஆயிரம், பத்தாயிரம் மடங்கு பெருக்கும் சுத்தமான ஆம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும். அப்படி ஒன்றைக் கட்டுகிறவர்கள் அதற்குப் பெரும்பாலும் கரண்ட் கொடுப்பது எதிலிருந்து தெரியுமா? 9 வோல்ட் பேட்டரி.